நிழலில் எடுத்த ஜீரோ

நான்காம் டேங்கின் ஏணிக்கு நாற்பத்தாறு படி. விடியும்போதே ஏறி இறங்கிவிட வேண்டும். வெயில் விழுந்துவிட்டால் கம்பி கையைப் பொசுக்கும். தம்பி அளவு நாடாவைத் தோளில் மாட்டி, துடைக்கிற துணியை இடுப்பில் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். உச்சியில் ஒரு கனத்த மூடி. அதைத் திறந்து நாடாவை உள்ளே இறக்கி, எண்ணெய் எதுவரை நனைத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. மூடியைத் திறந்ததும் உள்ளே அடைந்து கிடந்த வாயு முகத்தில் அறையும். அந்த நேரம் மூச்சை அடக்கித் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வேலையில் சேர்ந்த அன்று அவனுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி மொத்தமும் அவ்வளவுதான்.

கீழே அவன் அக்கா அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அவள் ஏற்கெனவே ஒரு தடவை மேலே போய், மூடியைச் சுற்றி அளந்து, நோட்டில் எழுதிவிட்டு இறங்கியிருந்தாள். அவள் கையில் இருந்த கருவிக்கு முன்னால் மெல்லிய குழாய் ஒன்று நீண்டிருக்கும். வால்வு, மூட்டு, மூடி எங்கே அந்தக் குழாயைப் பிடித்தாலும், அங்கே கசிகிற வாயுவை உறிஞ்சிப் பார்த்துத் திரையில் எண்ணைக் காட்டும். ஐந்நூறைத் தாண்டினால் கசிவு என்று அர்த்தம். உடனே சரிசெய்ய வேண்டும். கருவிக்கு அந்த எண்ணெய் நிலையத்தில் ‘மூக்கு’ என்று பெயர். அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறவள் மூக்குக்காரி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சமிருந்தது.

கம்ப்ரசர் இரைச்சலில் அந்த வளாகத்துக்குள் யாரும் வாயை நம்புவதில்லை. எல்லாப் பேச்சும் கைவிரலில்தான். எண்ணை விரலால் காட்டுவார்கள்; ஜீரோ என்றால் மூடிய கை. நாற்பத்துச் சொச்சம் பேருக்கும் இது தாய்மொழி மாதிரி. கம்ப்ரசரை ஓட்டுகிற டமாரம் அண்ணனுக்கு வேறு மொழியே காதில் ஏறாது; பதினோரு வருஷமாக அதன் பக்கத்திலேயே நின்று காதைக் கொடுத்துவிட்டவர் அவர். வீட்டில் பெண்டாட்டி திட்டுவது கேட்பதில்லை என்பதால் ஊரிலேயே நிம்மதியான புருஷன் தான்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

தம்பிக்கு அன்றைக்கு மூன்று நாளாகவே மண்டையிடி. அவனுக்கு மட்டுமா? எல்லோருக்கும்தான். “நம்பர் குறைவாத்தான் இருக்கு, மண்டைதான் கூடுதலா வலிக்குது” என்று வெல்டர் ஓட்டைவாய் சொல்லிச் சிரிப்பான். அந்தக் குறைந்த நம்பரில் மூக்குக்காரிக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. ஒவ்வொரு மூட்டாக மோந்து, முறுக்கச் சொல்லி, நச்சரித்து மூன்று வருஷமாகத் தான் காத்துவந்த நம்பர் அது என்று நினைத்திருந்தாள்.

அந்த வாரம் நிலையம் முழுக்க ஒரே பேச்சு. அரசாங்கத்தின் காற்று வாரியம் எண்ணெய், வாயு நிலையங்களுக்குப் புது விதி கொண்டுவந்திருந்தது. மாதம் ஒருமுறை வெளியாட்கள் வந்து அளப்பார்கள். கசிவைப் பதினைந்து நாளுக்குள் அடைக்க வேண்டும். டேங்க் மூடியை ஆள் வைத்துத் திறக்கக் கூடாது, தானாக அளக்கிற கருவி பொருத்த வேண்டும். ஆனால் அதிலும் ஒரு சந்து வைத்திருந்தார்கள். மூன்று வருஷமாக அளவு மீறாத நிலையம் விலக்குக் கேட்கலாம். முதலாளி கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை விசாரணை.

போன மாதம் வாரிய அதிகாரி வந்தபோது கேன்டீன் பெஞ்சில் இவர்களோடு உட்கார்ந்து டீ குடித்தார். “பயப்படாமச் சொல்லுங்க. நான் உங்களுக்காகத்தான் வந்திருக்கேன்” என்றார். அதுவரை எந்த அதிகாரியும் அந்த பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. ஒரு வாரம் அதையே பேசி மாய்ந்து போனார்கள்.

“அந்த ரூல் வந்துட்டா நான் ஏறவே வேணாம்க்கா. ரூம்ல உக்காந்து பட்டனை அமுக்குவேன். சட்டை கசங்காது” என்று ஏணியில் கால் வைக்கும் முன் தம்பி சொல்லியிருந்தான்.

“நீ உக்காந்தா தூங்கிடுவடா” என்றாள் அவள்.

இப்போது அவன் உச்சியில் மூடியைத் திறந்து, நாடாவை இறக்கி, இழுத்து, கையை உயர்த்தினான். ஐந்து விரல். அவள் திருப்பி ஐந்து காட்டினாள். மூன்று விரல். அவளும் மூன்று. அடுத்த எண்ணுக்காகப் பென்சிலோடு காத்தாள். உயர்ந்த கை அப்படியே நின்றது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. ஜீரோ என்கிறானா என்று ஒரு கணம் குழம்பினாள். அதற்குள் அவன் உடம்பு கம்பியில் சாய்ந்து, சரிந்து, ஏணியின் நடுத்தட்டில் வந்து விழுந்தது. மூக்கு எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாமல் அவள் ஏணியைப் பிடித்து ஓடினாள்.

தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. நல்லவேளை, நடுத்தட்டு இருந்தது.

முதலாளி பத்து மணிக்கு வந்தார். டேங்க் பக்கம் போகவில்லை. காரின் ஓரமாகவே நின்றார்.

“எப்படி விழுந்தான்?”

“மூடியைத் திறந்ததும் வாயு அடிச்சு மயங்கிட்டான் ஐயா.”

“உன் நோட்டை எடு. நாலாம் டேங்க்ல இன்னிக்கு என்ன எழுதியிருக்க?”

“நானூத்தி அறுபது.”

“எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்?”

“ஐந்நூறு.”

“அப்புறம் வாயு எங்கேருந்து வந்துச்சு? ராத்திரி குடிச்சிருப்பான், காலையில தள்ளாடியிருப்பான். இதை நான் சொல்லலைம்மா. நீ எழுதின நோட்டு சொல்லுது.”

அவள் நோட்டைப் பார்த்தாள். சொந்தக் கையெழுத்து அவளையே முறைத்தது. நோட்டை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி பெண்டாட்டி அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். விஷயம் அவள் காதுக்கும் வந்துவிட்டது. “அக்கா, இவருக்கு அந்த வாடையே ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? சின்ன வயசுலேருந்து தூக்கி வளத்தவங்க நீங்க. அந்த மனுஷன் வாய் கூசாமச் சொல்லும்போது எப்படிக்கா சும்மா நின்னீங்க?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி மூக்குக்காரியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

அவள் கையிலிருந்து விழுந்ததில் மூக்கும் அடிபட்டிருந்தது, திரை எரியவில்லை. விசாரணைக்குள் சரியாக வேண்டும் என்று சூப்பர்வைசர் அண்ணன் மறுநாளே அவளை டவுனுக்கு அனுப்பினார். வளாகத்தை விட்டு எந்தப் பொருள் வெளியே போனாலும் கேட்-பாஸ் வேண்டும். ‘கருவி பழுது. வெளியே எடுத்துச் செல்ல அனுமதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தேதி போடவில்லை. தேதி போடுகிற பழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது.

சூப்பர்வைசரை அவள் வாய்க்கு வாய் அண்ணன் என்றுதான் சொல்வாள். அவள் புருஷன் இங்கே பைப் ஃபிட்டராக இருந்து, நெஞ்சடைத்துச் செத்துப்போனபோது, முதலாளியிடம் பேசி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். மூக்கைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். ‘தினமும் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இந்தப் பொத்தானை அமுக்கி ஜீரோ பண்ணணும். வெயில்ல நின்னா நம்பர் தெரியாது, டூல் ரூம் நிழல்ல நின்னு பண்ணு’ என்று அவளைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தையே காட்டினார். நாலாம் டேங்குக்குப் பின்னால், கழிவெண்ணெய்த் தொட்டியை ஒட்டி, நல்ல நிழல். மூன்று வருஷமாக அவள் அந்த இடத்தை விட்டு ஓர் அடி தள்ளி நின்றதில்லை. சொன்னதை அப்படியே செய்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

டவுனில் ரிப்பேர்க்காரர் கடை மூன்றாம் மாடியில் இருந்தது. கருவியைப் பிரித்து, ஒயரை ஒட்டவைத்து, மொட்டை மாடிக்கு எடுத்துப்போய்க் காற்றில் நீட்டிப் பொத்தானை அமுக்கினார். “ஜீரோ பண்ணியாச்சும்மா. ஆஃப் பண்ணாம அப்படியே கொண்டுபோய் ஓட்டிப் பாருங்க” என்றார்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். திரையில் இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு. தங்கள் தெருமுனையில் இறங்கியபோது அறுபது. நிலையத்தின் வாசலில் முந்நூற்றுச் சொச்சம். எந்தக் குழாயையும் இன்னும் தொடவில்லை. கேட்-பாஸை வாட்ச்மேனிடம் திருப்பிக் கொடுக்கவும் மறந்து, திரையையே பார்த்தபடி உள்ளே நடந்தாள். டூல் ரூம் நிழலில், அவள் வழக்கமாக நிற்கிற அதே இடத்தில், வெறும் காற்றில், நானூற்றுப் பன்னிரண்டு.

ரிப்பேர்க்காரருக்கு போன் போட்டு எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தாள். “என்னங்க, கெட்டதையே கட்டிக் குடுத்துட்டீங்க! சும்மா காத்துல நானூறு காட்டுது.”

“எங்க நிக்கிறீங்க?”

“டூல் ரூம் நிழல்ல. தினமும் ஜீரோ பண்ற இடத்துலதான்.”

“தினமும் அங்கேயா ஜீரோ பண்றீங்க? அம்மா, அந்தப் பொத்தானை அமுக்கும்போது சுத்தி இருக்கிற காத்தைத்தான் அது சுத்தமான காத்துன்னு எடுத்துக்கும். அங்க ஏற்கெனவே நானூறு இருந்தா, அந்த நானூறைக் கழிச்சுட்டுத்தான் உங்களுக்கு நம்பரைக் காட்டும். மெஷின் கெடலை. இடம்தான் கெட்டிருக்கு.”

அவள் நோட்டைத் திறந்தாள். திங்கள்கிழமை விடியற்காலை நானூற்று அறுபது. அதோடு நானூற்றுப் பன்னிரண்டைக் கூட்டினாள். எண்ணூற்று எழுபத்திரண்டு. அந்த மூடிக்குத்தான் தம்பியைத் தன் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறாள். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஒரு பக்கம்கூட மிச்சமில்லை, எல்லாமே பொய்.

சூப்பர்வைசர் அண்ணன் ஆபீஸ் அறையில் டீயை ஊதிக்கொண்டிருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். தெரியாமல் நடந்த தவறு, அண்ணன் பதறிப்போவார், உடனே முதலாளிக்கு போன் போடுவார் என்று நம்பித்தான் சொன்னாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “இதை உனக்கு யார் சொன்னா?” என்றார்.

அந்த ஒரு கேள்வி போதும். பதறாத மனிதனுக்கு விஷயம் முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

“உங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“கதவைச் சாத்து.”

“தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்” என்றார். “முதலாளி காட்டின இடம் அது. நான் என்ன பண்ணட்டும்? எனக்கு ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம். மூணு பொண்ணு.”

“என் தம்பி அங்க தினமும் ஏறினானேண்ணே. நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? என் வீட்டுக்காரர்கூட ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிட்டவங்க நீங்க. அவர் செத்த அன்னிக்கு என்னைவிட நீங்கதான் சத்தமா அழுதீங்க.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். “நடந்தது நடந்துபோச்சு. வெள்ளிக்கிழமை ஒரு கையெழுத்துப் போடணும். ‘இந்த அளவெல்லாம் நான் எடுத்தது, சரியானது’ன்னு. போட்டா தம்பிக்கு வைத்தியமும் நடக்கும், வேலையும் இருக்கும். போடலைன்னா அவன் குடிச்சுட்டு விழுந்தவன். நல்லா யோசிச்சுப் பாரு.”

தன்னை ஏன் இந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்ன இடத்தில் நிற்பாள், ஏன் என்று கேட்கமாட்டாள், நன்றிக்குக் கட்டுப்படுவாள். வேலை வாங்கிக் கொடுத்த கையே கழுத்தில் கயிற்றையும் மாட்டியிருக்கிறது. அறையை விட்டு வெளியே வந்து டேங்க் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். கம்ப்ரசர் இரைச்சலில் அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னாள். முழுவதையும் சொல்லி முடிப்பதற்குள் வால்வு ஆபரேட்டர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். நிலையத்துக்கு நாலு தெரு தள்ளிக் குடியிருப்பவன்.

“என் பொண்ணுக்கு மூணு வருஷமா மூச்சிழுப்பு. ஸ்டேஷன் காத்துனாலயான்னு டாக்டர் கேட்டப்போ, ‘இல்ல சார், எங்க மூக்குக்காரி தினமும் அளக்குறா, ஒண்ணுமில்ல’ன்னு உன்னை நம்பிச் சொன்னேன். உன்னை நம்பி!”

“சொன்ன இடத்துல நின்னேன். அந்த இடம் சரியான்னு ஒரு நாளும் கேக்கலை. தப்பு என் மேலதான்” என்றாள். “திட்டணும்னா திட்டிடுங்க. ஆனா வெள்ளிக்கிழமை அந்தக் கையெழுத்தை நான் போடமாட்டேன். நடந்ததை அங்க சொல்லப்போறேன்.”

எப்போதும் மூடாத ஓட்டைவாயின் வாய்கூட மூடியிருந்தது. கடைசியில் அவன்தான் எழுந்து, தள்ளிவிட்ட தட்டை எடுத்து வால்வு ஆபரேட்டர் முன்னால் வைத்தான். “இவளைத் திட்டினா உன் பொண்ணு நல்லா மூச்சு விடுவாளா? சாப்பிடுடா. வெள்ளிக்கிழமை எல்லாரும் போவோம். அந்த அதிகாரி நம்ம பெஞ்சுல உக்காந்த மனுஷன், கேப்பாரு” என்றான்.

விசாரணை நகராட்சிக் கூடத்தில் நடந்தது. அதிகாரி மேஜையில் உட்கார்ந்திருந்தார்; பக்கத்து நாற்காலியில் முதலாளி. இருவரும் ஒரே பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தார்கள். மூக்குக்காரி எழுந்து, திக்கித் திணறி, ஒன்றுவிடாமல் சொன்னாள். அதிகாரி பேனாவைக் கையிலேயே எடுக்கவில்லை.

“மூணு வருஷமா தப்பாத்தான் எழுதினேன்னு அவங்களே ஒத்துக்கறாங்க” என்று முதலாளி சிரித்தார். “தப்பா எழுதினது யாரு? நானா?”

“எங்க நின்னு எழுதணும்னு காட்டினது நீங்கதான்யா.”

“நான் காட்டினதை நீ பாத்தியா?”

“சூப்பர்வைசர் அண்ணன் காட்டினாரு. அவரைக் கேளுங்க.”

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். அண்ணன் எழுந்தார். மூக்குக்காரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நடந்த பிறகும் அவளுக்குள் ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. மனுஷன் சபையில் பொய் சொல்லமாட்டார் என்று.

“சுத்தமான காத்துல ஜீரோ பண்ணணும்னுதான் சொல்லிக் குடுத்தேன் சார். கையேட்டுலயும் அப்படித்தான் இருக்கு” என்றார் அவர். உட்கார்ந்த பிறகு ஒருமுறைகூட அவள் பக்கம் பார்க்கவில்லை.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். கேன்டீன் பெஞ்சில் பேசிய அதே கனிவான குரல். “அம்மா, தப்பான அளவு எழுதறது தண்டனைக்குரிய குற்றம். யோசிச்சுப் பேசுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.” பிறகு கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து, விலக்கு வழங்கப்பட்டதாகப் படித்தார்.

முன்வரிசையில் இருந்த ஓட்டைவாய் எக்கிப் பார்த்தான். “சார், இந்த ஆர்டர்ல புதன்கிழமை தேதி போட்டிருக்கு! இன்னிக்கு வெள்ளி. எங்களைக் கேக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே எழுதிட்டீங்களா?”

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. அதிகாரி தாளைக் கவிழ்த்து வைத்தார். “அது நடைமுறை. ஆட்சேபம் இருந்தா முப்பது நாளுக்குள்ள எழுதிக் குடுங்க. சரியான முறையில எடுத்த அளவு வேணும், சாட்சிக் கையெழுத்து வேணும். இல்லைன்னா எடுத்துக்க முடியாது.” சரியான முறையில் அளக்க வேண்டிய கருவி யார் வசம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

வெளியே வந்தபோது ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒரு டம்ளர் டீயை நினைத்து எல்லோருக்கும் வாய் கசந்தது. திங்கள்கிழமையிலிருந்து மூக்கை வேறு ஆள் எடுத்துக்கொள்வார், அவள் வரவேண்டாம் என்று அன்று மாலையே சொல்லிவிட்டார்கள்.

“இன்னும் ஒரு நாள் இருக்கு. சனிக்கிழமை மூக்கு என் கையிலதான்” என்றாள் அவள்.

“கையில இருந்து? கேட்டைத் தாண்டி வெளிய கொண்டுபோக முடியாதே!” என்றான் வால்வு ஆபரேட்டர்.

அவள் பையைத் துழாவினாள். அன்று வாட்ச்மேனிடம் கொடுக்க மறந்த கேட்-பாஸ் நாலாய் மடித்தபடி இருந்தது. பிரித்துக் காட்டினாள். ஓட்டைவாய் அதை இரண்டு தடவை படித்துவிட்டு விசிலடித்தான். “தேதி போடாத மகராசன் நல்லா இருக்கட்டும்!”

சனிக்கிழமை காலை ஆறு மணி. இரவு ஷிப்ட் வெளியே வருகிற நேரம், காலை ஷிப்ட் உள்ளே போகிற நேரம். உள்ளே போக வேண்டியவர்கள் போகவில்லை. வெளியே வந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. கம்ப்ரசரை விட்டு நகர முடியாத டமாரம் அண்ணன் மட்டும் மாற்றாள் வராமல் உள்ளேயே நின்றார். மூக்குக்காரி கருவியோடு வாசலுக்கு வந்தாள். வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தான். அவள் சீட்டை நீட்டினாள்.

“கருவி பழுதா?” என்று படித்தான். “என்ன பழுது?”

“மூணு வருஷமா பழுது” என்றாள்.

சீட்டில் சூப்பர்வைசர் கையெழுத்துப் பளிச்சென்று இருந்தது. அவன் கதவைத் திறந்துவிட்டான்.

ஊருக்கு மேற்கே ஒன்றரை மைலில் குடிதண்ணீர்த் தொட்டி மேடு. காற்று அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கிறது. நாற்பது பேர் ஷிப்ட் உடையிலேயே நடந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி பெண்டாட்டியும் வந்து வழியில் சேர்ந்துகொண்டாள். “எல்லாத்தையும் அவர்கிட்ட சொன்னேன். ‘அக்காவைத் தனியா விடாதே’ன்னாரு” என்றாள். மூக்குக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மேட்டு உச்சியில் அவள் கருவியைக் காற்றில் நீட்டிப் பொத்தானை அமுக்கினாள். திரையில் எண்கள் ஓடி அடங்கின. அவள் கையை மூடி உயர்த்தினாள். அங்கே இரைச்சலே இல்லை, வாயாலேயே சொல்லியிருக்கலாம்; பழக்கதோஷம். சுற்றி நின்ற நாற்பது பேரும் வழக்கப்படி அதையே திருப்பிக் காட்டினார்கள். நாற்பது மூடிய கைகள் மேலே எழுந்தன.

இறங்கினார்கள். தெருமுனையில் எழுபது. பள்ளிக்கூட வாசலில் நூற்றிருபது. வால்வு ஆபரேட்டர் அந்த எண்ணைத் தன் கையாலேயே நோட்டில் எழுதினான்.

நிலையத்தின் கம்பிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே முதலாளியும் சூப்பர்வைசர் அண்ணனும் நின்றார்கள்.

“வேலை நேரத்துல ஊர் சுத்தினவங்க அப்படியே வீட்டுக்குப் போகலாம்” என்றார் முதலாளி. “மெஷினைக் குடு. அது என்னோடது.”

“தர்றேன்யா. இன்னும் ஒரு அளவு பாக்கியிருக்கு.” அவள் குழாயைக் காற்றில் நீட்டி, திரையைக் கம்பிப் பக்கம் திருப்பினாள். “அண்ணே, உங்க பக்கத்துலதான் திரை இருக்கு. நம்பரைக் கொஞ்சம் படிங்க.”

அவர் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“சரி. நானே படிக்கிறேன்” என்றாள் அவள். “முந்நூத்தித் தொண்ணூத்தஞ்சு. வெறும் காத்துல.” நோட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். இந்த முறை யாரும் இடம் காட்டவில்லை. நோட்டை ஓட்டைவாய் வாங்கித் தன் கையெழுத்தைப் போட்டான். வால்வு ஆபரேட்டர் போட்டான். நோட்டு கைமாறிப் போய்க்கொண்டே இருந்தது.

தூரத்தில் கம்ப்ரசர் பக்கத்திலிருந்து டமாரம் அண்ணன் என்ன என்று கையால் கேட்டார். மூக்குக்காரி கையை உயர்த்தினாள். மூன்று. ஒன்பது. ஐந்து. அவருக்குப் புரியவில்லை, எந்தக் குழாய், எந்த வால்வு என்று திருப்பிக் கேட்டார். அவள் எதையும் சுட்டவில்லை. விரலைச் சுழற்றிச் சுற்றிலும் இருந்த காற்றைக் காட்டினாள். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் கையை உயர்த்தினார்கள். மூன்று. ஒன்பது. ஐந்து.

அவர் கொஞ்ச நேரம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, எண்ணெய்க் கிணற்றுப் பக்கத்து வால்வுகளை முறைப்படி ஒவ்வொன்றாக மூடினார். கடைசியில் கம்ப்ரசரை நிறுத்துகிற சிவப்புக் கைப்பிடியை இழுத்தார்.

“யார்றா நிறுத்தச் சொன்னது?” என்று முதலாளி கத்தினார். டமாரத்துக்குக் கேட்கவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வளாகம் அடங்கியது. ஒருவர் மூச்சு விடுவது இன்னொருவருக்குக் கேட்டது. ஜெயிலா, வேலைநீக்கமா, முப்பது நாளில் அந்த அதிகாரி இதையும் கவிழ்த்து வைப்பாரா, யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருவரும் கலைந்து போகவில்லை.

தம்பி பெண்டாட்டி புருஷன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதி, நோட்டைத் தூக்கிப் பிடித்தாள். “அடுத்து யாரு?”

கதவுக் கம்பிக்கு உள்ளேயிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு கை நீண்டது. இரைச்சலைத் தானே நிறுத்தியதையும் மறந்து, வழக்கம்போலத் தொண்டை கிழியக் கத்தினார் டமாரம் அண்ணன்:

“எங்கே போடணும்?”